பெட்டி வந்தது, பாடம் வந்ததா?

(தோட்டப் பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர்கள் சார்பில் நிகழ்த்தப்பட்ட பேச்சு)



ஞாயிற்றுக்கிழமை என்பது உங்களுக்கு ஓய்வு நாள் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். உடுப்புத் துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், டவுனுக்குப் போய் சாமான் வாங்க வேண்டும். அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறோம்.

போன கூட்டத்திலே நமது பாடசாலைக்கு ஒரு ஸ்மார்ட் போர்ட் வாங்கித் தர வேண்டும் என்று கேட்டீர்கள். பக்கத்துத் தோட்டத்தில் வைத்திருக்கிறார்கள், சுவரிலே பெரிய டீவி மாதிரி இருக்கிறது, விரலால் தொட்டால் படம் ஓடுகிறது, எங்க புள்ளைங்க மட்டும் இன்னும் கரும்பலகையையே பார்த்துக்கிட்டு இருக்கணுமா என்று ஒரு தாய் எழும்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பின்னாலே இருக்கிற மனக்குறையும் எங்களுக்குப் புரியாமல் இல்லை. நமது பிள்ளைகளுக்கு எது வந்தாலும் கடைசியாகத்தான் வரும். வருகிறதிலும் பாதி பழுதாகத்தான் வரும்.

ஆனால் பாடசாலைக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் காசு கொஞ்சம்தான். அதை ஒரு தடவைதான் செலவழிக்கலாம். அதனால்தான் அன்றைக்கு ஒரு தவணை பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். சிலருக்குக் கோபம். தலைவர் ஒருவர், "வெல்பெயார் ஆளுங்களுக்குக் காசு குடுக்க மனசு இல்லை" என்று எங்கள் முகத்துக்கு நேரே சொன்னார். அவருக்கும் சேர்த்துத்தான் இன்றைய விளக்கம்.

முதலில் எங்கள் பக்கத்துக் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். சில வருசங்களுக்கு முன்பு வேறொரு தோட்டத்துப் பாடசாலைக்குக் கணனிகள் வந்தன. லொறியிலிருந்து இறக்கியவர்கள் நாங்கள். வாழைமரம் கட்டினோம், ரிப்பன் வெட்டினோம், படம் எடுத்தோம். எங்கள் அறிக்கையிலே இத்தனை கணனி, பயன்பெற்ற பிள்ளைகள் இத்தனை பேர் என்று எழுதினோம். அந்தத் தொகை எங்கேயிருந்து வந்தது தெரியுமா? பாடசாலை இடாப்பிலே எத்தனை பேர் இருந்தார்களோ அத்தனை பேரும் பயன்பெற்றார்கள் என்று எழுதிவிட்டோம்! இரண்டு வருசம் கழித்து வேறு வேலையாகப் போனபோது அந்த அறையைத் திறக்கச் சொன்னோம். திறப்பு யாரிடம் இருக்கிறது என்று தேடவே அரை மணித்தியாலம் போனது. கணனிகள் மேலே விரித்த சேலைத் துணி அப்படியே இருந்தது. வயரை எலி வெட்டியிருந்தது. படிப்பிக்கத் தெரிந்த ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. அந்தப் பாடசாலையைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. யார் படிப்பிப்பது, பழுதானால் யார் திருத்துவது, கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று ஒரு கேள்வியும் கேட்காமல் பெட்டியை இறக்கிவிட்டு வந்தவர்கள் நாங்கள்தானே.

கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும் தண்ணீருக்கும் என்று கிலோ கழிக்கிறார்கள் என எத்தனை தரம் எங்களிடம் முறையிட்டிருப்பீர்கள்! நாங்களோ பாடசாலை விசயத்திலே கூடையை மட்டும் நிறுத்து எழுதிவிட்டோம். உள்ளே கொழுந்து இருக்கிறதா என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த நிலையிலே தான் ஒரு பயிற்சிக்காக யாழ்ப்பாணம் போகும் சந்தர்ப்பம் கிடைத்தது. படிப்பு என்றால் யாழ்ப்பாணம் என்று நமது தாத்தா காலத்திலிருந்து சொல்லுவார்கள். நமது மலையகத்துப் பாடசாலைகளிலே ஒரு காலத்தில் படிப்பித்தவர்களில் பலர் அங்கேயிருந்து வந்த ஆசிரியர்கள்தான். அப்படிப் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒரு வாத்தியாரை அங்கே தேடிப் போய்ப் பார்த்தோம். தோட்டத்தை அவர் மறக்கவில்லை. "இப்பவும் அந்த மேட்டு லயத்துப் பக்கம் அட்டை கடிக்குதோ?" என்றுதான் முதலில் கேட்டார்.

பேச்சு படிப்பைப் பற்றி வந்தது. எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து ஒரு பழைய ஜாம் போத்தலை எடுத்து வந்து மேசையில் வைத்தார். "இதுதான் எங்கட ஸ்மார்ட் போர்ட்" என்றார்.

வாலிபப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரிந்திருக்காது. 1990ஆம் ஆண்டு நடுப்பகுதியில் மறுபடி யுத்தம் தொடங்கியதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, பசளை என்று எத்தனையோ சாமான்களுக்குத் தடை. மண்ணெண்ணெய் இருந்தது, ஆனால் விலை எட்ட முடியாத விலை. ஐந்து வருசத்துக்கு மேலே அந்தச் சனங்கள் கரண்ட் இல்லாமல் சீவித்தார்கள். அந்தக் காலத்து விளக்குத்தான் இந்தப் போத்தல். அடியிலே கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், ஒரு சின்னத் திரி. போத்தலின் கண்ணாடியே சிமினி. காற்றுக்கும் அணையாது, எண்ணெயும் குறைவாகத்தான் குடிக்கும். ஒரு விளக்கைச் சுற்றி மூன்று நாலு பிள்ளைகள் குனிந்து படிப்பார்கள். காலையில் மூக்குக்குள்ளே கரி. ரேடியோ கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையாலே சுற்ற, டைனமோவிலிருந்து வருகிற கரண்டிலே ரேடியோ பாடும்.

அந்தப் பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். சாதாரண தரம், உயர்தரம் இரண்டும் எழுதினார்கள். அதிலிருந்து டாக்டர்மாரும் இன்ஜினியர்மாரும் வந்தார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவிலே வீட்டை விட்டுக் கிளம்பித் தென்மராட்சிப் பக்கம் போனபோது, போன இடத்திலும் கொட்டிலிலும் மரத்தடியிலும் வகுப்பு நடந்தது என்று வாத்தியார் சொன்னார். கரும்பலகையை மரத்திலே சாத்தி வைத்தார்களாம்.

இதைக் கேட்டவுடனே எங்களுக்கு உசார் வந்துவிட்டது. பார்த்தீர்களா, மெசின் ஒன்றும் தேவையில்லை, ஊருக்குப் போய் இதையே பேசுவோம் என்று எங்களுக்குள் நினைத்தோம். வாத்தியாருக்கு எங்கள் முகம் தெரிந்துவிட்டது போல. உடனே குறுக்கிட்டார்:

"கரண்ட் இல்லாமல் படிச்சம் எண்டு பெருமை பேசாதேங்கோ. கெமிஸ்ட்ரி படிச்ச பிள்ளையள் அமிலத்தைக் கண்ணால காணேல்லை. சமன்பாட்டைப் பாடமாக்கினவை, அவ்வளவுதான். மைக்கிரஸ்கோப்பில பாக்க வேண்டியதைக் கொப்பியில கீறிப் படிச்சவை. விளக்குக்கு எண்ணெய் வாங்க ஏலாத வீட்டுப் பிள்ளையள் எத்தினை பேர் விட்டிட்டுப் போச்சினம் எண்டு ஒருத்தரும் கணக்கெடுக்கேல்லை. நல்லா வந்தவனை மட்டும் எண்ணிப்போட்டு நாங்கள் கெட்டிக்காரர் எண்டு சொல்லக் கூடாது."

நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். கணனி அறையிலே நாங்கள் செய்த பிழைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை பாருங்கள். அங்கே வராத பிள்ளையையும் சேர்த்து எண்ணினோம், இங்கே விட்டுப்போன பிள்ளையை எண்ணாமல் விடப் பார்த்தோம்.

அப்படியானால் அந்த விளக்கைச் சுற்றி எது படிப்பை நடத்தியது என்று கேட்டோம். அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறோம். ஆசிரியர்கள் ஓடிப் போகாமல் நின்றார்கள். சைக்கிளிலே வந்தார்கள். கிடுகு மேய்ந்த கொட்டிலிலே ரியூசன் நடந்தது. பழைய வினாத்தாள்களைக் கையாலே பிரதி பண்ணினார்கள். கொப்பியை ஆசிரியர் வீட்டுக்குக் கொண்டு போய்த் திருத்தி, மறுநாள் பிழையைக் காட்டித் திரும்பச் செய்யச் சொன்னார். பிள்ளை வகுப்புக்கு வரவில்லை என்றால் யாராவது வீட்டுக்குத் தேடிப் போனார்கள். இதிலே எந்தச் சாமானும் கடையிலே விற்கிற சாமான் இல்லை.

அந்த ஊரின் பழைய கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆறுமுக நாவலரின் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் 1848ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலை என்ற பாடசாலையைத் தொடங்கினார். பிள்ளைகள் வந்தார்கள், ஆனால் கையிலே கொடுத்துப் படிப்பிக்க ஏற்ற புத்தகம் இல்லை. அடுத்த வருசம், 1849லே, கடல் கடந்து இந்தியாவுக்குப் போய் அச்சு இயந்திரம் வாங்கி வந்தார். சின்னப் பிள்ளைகளுக்குப் பாலபாடம் என்று தானே எழுதி அச்சடித்தார். அந்தக் காலத்துக்கு அச்சு மெசின் என்றால் இந்தக் காலத்துக் கணனி மாதிரி. ஆனால் வரிசையைப் பாருங்கள். முதலில் வகுப்பு. வகுப்பை நடத்தும்போது தெரிந்த குறை இரண்டாவது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் மெசின். மெசினுக்குள்ளே போடுகிற பாடத்தையும் அவரே எழுதினார். நாங்கள் செய்தது தலைகீழ். மெசினை இறக்கி வைத்துவிட்டு, இதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்தோம்.

மானிப்பாயிலே கிறீன் என்று ஒரு அமெரிக்க டாக்டர் இருந்தார். முழுப்பெயர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847லே வந்தவர். உள்ளூர்ப் பிள்ளைகளை டாக்டராக்க முதலில் ஆங்கிலத்திலே படிப்பித்தார். பிறகு 1860களிலே தமிழுக்கு மாற்றினார். அதற்காக மருத்துவப் புத்தகங்களைத் தமிழிலே கொண்டு வந்தார், இல்லாத சொற்களை உண்டாக்கினார். 60க்கு மேற்பட்டவர்களை அவர் வைத்தியர்களாக்கினார். கிறீனிடம் மேல்நாட்டுக் கருவிகள் இருந்தன. ஆனாலும் பாடம் பிள்ளையின் மொழியிலே இருக்க வேண்டும் என்று இவ்வளவு பாடுபட்டிருக்கிறார். ஸ்மார்ட் போர்ட் விற்க வந்த கம்பனி ஆள் எங்களுக்குப் போட்டுக் காட்டிய பாடங்கள் அத்தனையும் ஆங்கிலம். தமிழிலே என்ன இருக்கிறது என்று கேட்டோம். "போகப் போக வரும் சேர்" என்றார். 150 வருசத்துக்கு முன்பே ஒரு வெள்ளைக்காரருக்கு விளங்கிய விசயம்!

பயிற்சியின்போது யாழ்ப்பாணத்தில் இரண்டு வகுப்பறைகளுக்குள்ளே போய் உட்கார்ந்து பார்க்கவும் அனுமதி கிடைத்தது. பாடசாலைப் பெயர் வேண்டாம். முதல் வகுப்பிலே பெரிய ஸ்மார்ட் போர்ட் இருந்தது. ஆசிரியர் நல்லவர், நல்ல ஆயத்தத்தோடு வந்தார். கேள்வி திரையிலே வந்தது, கொஞ்ச நேரத்தில் பதிலும் திரையிலே வந்தது, பிள்ளைகள் பதிலைக் கொப்பியிலே எழுதினார்கள். பாடம் முழுவதும் அப்படியே. வகுப்பு சத்தம் இல்லாமல் அழகாக இருந்தது. வெளியே வந்து ஒரு பிள்ளையிடம் அதே கணக்கை இலக்கம் மாற்றிக் கேட்டோம். பிள்ளை சிரித்துவிட்டு ஓடிவிட்டது.

இரண்டாவது வகுப்பிலே ஒரு ரீச்சர் தன்னுடைய கைத்தொலைபேசியைச் சின்ன புரொஜெக்டரிலே கொழுவி, இதயம் அடிக்கும்போது அதன் வால்வுகள் எப்படித் திறந்து மூடுகின்றன என்று காட்டினார். நாலு நிமிசம் இருக்கும். பிறகு புரொஜெக்டரை நிறுத்தி, யன்னலைத் திறந்து, "இப்ப பாத்ததைப் பாக்காமல் கீறுங்கோ" என்றார். பிள்ளைகள் கீறினார்கள். பிழையாகக் கீறிய ஒரு பிள்ளையின் படத்தையே கரும்பலகையிலே போட்டு, இரத்தம் இந்தப் பக்கம் போனால் என்ன நடக்கும் என்று கேட்டார். வகுப்பிலே ஒரே சண்டை. நாங்களும் உட்கார்ந்தபடியே இரத்தம் எந்தப் பக்கம் போகும் என்று எங்களுக்குள் வாதாடினோம். நாற்பது நிமிசப் பாடத்திலே மெசின் வேலை செய்தது நாலு நிமிசம். ஆனால் அந்த நாலு நிமிசத்தை எந்தக் கரும்பலகையும் தந்திருக்காது. அடிக்கிற இதயத்தைச் சோக்கட்டியால் காட்ட ஏலாது. ஜாம் போத்தல் வெளிச்சத்திலே படித்த பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போனது இதுதான்.

இனி நமது சொந்த அனுபவத்துக்கு வருவோம். 2020 மார்ச்சிலே கொரோனாவால் பாடசாலைகளை மூடினார்கள். தொலைக்காட்சியிலே பாடம், வட்ஸ்அப்பிலே பாடம், சூமிலே பாடம் என்றார்கள். உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலே ஒரு போன், படிக்கிற பிள்ளைகள் மூன்று, அந்தப் போனும் அப்பா வேலைக்குப் போனால் அவரோடு போய்விடும். டேட்டா கார்டு வாங்கவே ஒரு நாள் பேர் போய்விடும். சிக்னல் தேடித் தேயிலை மலை உச்சிக்கு ஏறிய பிள்ளைகளை நீங்களே கண்டிருக்கிறீர்கள். 2021லே ஊவாவில் லுணுகலைப் பகுதியிலே காட்டுக்குள்ளே மரத்தின் மேல் கட்டிய பரணிலே ஏறிப் பிள்ளைகள் பாடம் எடுத்த செய்தி உலகம் முழுவதும் போனது. எல்லோரும் அந்தப் பிள்ளைகளைப் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் மரத்திலே ஏறி இறக்கிய அந்தப் பாடத்திலே பிள்ளைக்கு எவ்வளவு விளங்கியது என்று யார் கேட்டார்கள்? நமது பகுதியிலே சில ஆசிரியர்கள் கையாலே வினாத்தாள் எழுதி, பிரதி எடுத்து, கடையிலும் கோயிலிலும் கொடுத்து வைத்தார்கள். பிள்ளைகள் எழுதி அங்கேயே திருப்பி வைத்தார்கள். அது எந்தச் செய்தியிலும் வரவில்லை. திருத்தி வந்த அந்தத் தாள்களை இன்னும் தகரப் பெட்டியிலே பத்திரமாக வைத்திருக்கிற ஒரு பிள்ளையை எங்களுக்குத் தெரியும். பிறகு 2022 வந்தது. மார்ச் கடைசியிலே ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் மின்வெட்டு. சுவரிலே எந்த போர்ட் இருந்திருந்தாலும் கறுப்பாகத்தான் இருந்திருக்கும்.

வெளிநாட்டிலே இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்றும் கொஞ்சம் விசாரித்தோம். பெரு என்று தென் அமெரிக்காவிலே ஒரு நாடு. அங்கேயும் மலைநாட்டு ஏழைப் பிள்ளைகள். பிள்ளைக்கு ஒரு சின்ன லெப்டொப் என்று லட்சக்கணக்கிலே கொடுத்தார்கள். 319 கிராமப் பாடசாலைகளை எடுத்து, கொடுத்த பாடசாலையையும் கொடுக்காத பாடசாலையையும் ஒப்பிட்டுப் பார்த்து 2012லே முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருசத்துக்கு மேலே பாவித்த பிறகும் கணக்கிலும் மொழிப் பாடத்திலும் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் காணவில்லை. சுவீடன் நாடு பணக்கார நாடு, பாடசாலைகளிலே கணனியைப் பரவலாகப் பாவித்த நாடு. அவர்களே 2023லே அச்சடித்த பாடப்புத்தகத்துக்குத் திரும்பவும் காசு ஒதுக்கினார்கள்.

அதற்காக மெசின் எல்லாம் வீண் என்றும் சொல்ல முடியாது. இந்தியாவிலே குஜராத் மாநிலத்து வதோதராவிலே மாநகரசபைப் பாடசாலைகளில், 2002ஐ ஒட்டிய வருசங்களிலே, நாலாம் வகுப்புப் பிள்ளைகளைக் கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் கணனியிலே கணக்கு விளையாட்டு விளையாட வைத்தார்கள். ஒரு கணனிக்கு இரண்டு பிள்ளைகள். பிள்ளைக்குத் தெரிந்த அளவிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிற கணக்கு. இதிலே கணக்குப் பாடம் நன்றாகவே முன்னேறியது. நிறுத்தி ஒரு வருசம் போனதும் அந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது என்பதும் உண்மை.

அதே ஊரிலே, அதே காலத்திலே இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். தாய்மாரே, இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். அந்தந்த ஊரிலேயே பாடசாலைப் படிப்பு முடித்த ஒரு பெண்பிள்ளையை எடுத்துக் கொஞ்சம் பயிற்சி கொடுத்து, சிறிய சம்பளத்திலே, வகுப்பிலே பின்தங்கிய பிள்ளைகளை மட்டும் தினமும் இரண்டு மணித்தியாலம் தனியாக எடுத்து எழுத்தும் கணக்கும் படிப்பிக்கச் சொன்னார்கள். பாலசகி என்று அவர்களுக்குப் பெயர். அந்தப் பிள்ளைகளும் முன்னேறினார்கள். செலவைக் கணக்குப் பார்த்தால் ஒரே அளவு முன்னேற்றத்துக்குக் கணனிக்குப் போனதிலே சின்னப் பங்குதான் இதற்குப் போனது. தமிழ்நாட்டிலேயும் கொரோனாவுக்குப் பிறகு, 2021லே, இல்லம் தேடிக் கல்வி என்று தொடங்கினார்கள். ஊர்த் தொண்டர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையிலே பிள்ளைகளைக் கூட்டிப் படிப்பித்தார்கள். பாடசாலை திறந்து ஆறு மாதத்துக்குள் பிள்ளைகள் இழந்த படிப்பிலே மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது என்றும், அப்படி வந்ததிலே ஏறக்குறைய காற்பங்கு இந்த மாலை வகுப்பாலே வந்தது என்றும் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள்.

நமது தோட்டத்திலே உயர்தரம் எழுதிவிட்டு லயத்திலே உட்கார்ந்திருக்கிற பெண்பிள்ளைகள் எத்தனை பேர்? கொழும்புக்குக் கடைக்கு அனுப்புவதா, வீட்டு வேலைக்கு வெளிநாடு அனுப்புவதா என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள். இந்த மேசையிலே இருக்கிற காசு அவர்களுக்கும் சேர்ந்த காசுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

ஆகவே எங்கள் யோசனை இதுதான். தீர்மானம் உங்களுடையது. ஸ்மார்ட் போர்ட் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, இப்போது வேண்டாம் என்கிறோம். அதற்குப் போகிற காசிலே நமது தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேரை மாலை வகுப்புக்கு வைத்து மாதப்படி கொடுப்போம். நாலாம், ஐந்தாம் வகுப்பிலே வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைகளை மட்டும் முதலில் எடுப்போம். பிள்ளைக் காம்பராவை மாலையிலே பாவிக்கத் தரும்படி துரையிடம் கேட்டிருக்கிறோம். மிச்சத்திலே ஒரு சின்ன புரொஜெக்டர். விஞ்ஞான ஆசிரியர் எந்தப் பாடத்துக்கு, எந்த நாலு நிமிசத்துக்கு அது வேண்டும் என்று எழுதித் தந்தால் வாங்குவோம். தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். பூட்டி வைக்கிற அலுமாரியின் திறப்பு ஒன்று அதிபரிடமும் ஒன்று பெற்றோர் சங்கத்திடமும் இருக்க வேண்டும். இது எங்கள் பழைய அனுபவத்திலே வந்த புத்தி.

பயன் வந்ததா இல்லையா என்று இந்தத் தடவை இடாப்பைப் பார்த்து எழுத மாட்டோம். வகுப்பு தொடங்குமுன் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி, ஐந்து கணக்குச் செய்யச் சொல்லி, தாளை வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் கழித்து அதே மாதிரி இன்னொரு தடவை. இடையிலே நின்றுபோன பிள்ளையின் பெயரையும் தாளிலிருந்து வெட்ட மாட்டோம். வீட்டிலே நீங்களும் பார்க்கலாம். சம்பளச் சீட்டைப் பிள்ளையிடம் கொடுங்கள். எத்தனை பேர் போட்டிருக்கிறது, எதற்கு எவ்வளவு பிடித்திருக்கிறது, கையிலே வர வேண்டியது எவ்வளவு என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் கையிலே வந்த காசு எவ்வளவு என்று தெரியும்தானே, பிள்ளை சொன்னது சரியா என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

ஒரு மனக்குறை மிச்சம் இருக்கும் என்று தெரியும். பக்கத்துத் தோட்டத்திலே இருக்கிறது, நம்மிடம் இல்லை என்பது. கேள்வி கேட்ட அந்தத் தாயிடம் இதற்கு எங்களிடம் சரியான பதில் இல்லை. பக்கத்துத் தோட்டத்து அதிபரிடம் பேசினோம். நமது பெற்றோர் பத்துப் பேர் வந்து வகுப்பிலே உட்கார்ந்து பார்க்கலாம் என்று பெருந்தன்மையோடு சொல்லியிருக்கிறார். போகிறவர்கள் பெயர் கொடுங்கள். போர்ட்டைப் பார்ப்பதோடு நிற்காமல், வெளியே வருகிற பிள்ளையை ஒரு கேள்வியும் கேட்டுவிட்டு வாருங்கள். பார்த்த பிறகும் அதுதான் வேண்டும் என்று நீங்கள் சொன்னால், எங்களுக்கு வாக்கு ஒன்றுதான், உங்களுக்கு வாக்கு அதிகம்.

அடுத்த கூட்டம் சம்பளம் போட்ட பிறகு வருகிற ஞாயிறு, காலை பத்து மணிக்கு, இதே மண்டபத்திலே. மாலை வகுப்புக்கு வர விருப்பமான பெண்பிள்ளைகள் உயர்தரப் பெறுபேற்றின் பிரதியோடு வாருங்கள். நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் பிள்ளையின் கணக்குக் கொப்பியைக் கொண்டு வாருங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. கம்பனி தந்த ஸ்மார்ட் போர்ட்டின் விலைச் சீட்டை நாங்கள் கொண்டு வருகிறோம்.